மூன்று மலைக்கு ஒரு கொம்பு

எலி தின்றது தோலை மட்டும்தான். ஆனால் தோல் போனதும் கொம்பு பிளந்துவிட்டது.

1946ஆம் ஆண்டு ஜனவரி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வேகமாக வீட்டுக்கு வந்த ராயம்மாள், பரணில் கைவிட்டு அதை இறக்கினாள். ஒரு முழ நீளமுள்ள எருமைக் கொம்பு. அதன்மேல் போர்த்தித் தைத்திருந்த கன்றுத்தோலில் நாலு விரல் அகலம்தான் மிச்சம். வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. வெடிப்பில் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம் உள்ளே போனது.

அது வேட்டு மருந்துக் கொம்பு. செஞ்சிக் கோட்டை மதிலுக்கு வெளியே இருந்த செபஸ்தியார் கோயிலின் திருவிழா அதிலிருந்துதான் தொடங்கும். ஜனவரி இருபதாம் தேதி காலையில் பாட்டுப் பூசை முடியும். தேரில் செபஸ்தியாரின் சுரூபத்தை ஏற்றுவார்கள். வடத்தில் கை வைத்த ஆட்கள் இழுக்காமல் காத்திருப்பார்கள். மைதானத்தின் கோடியில் மண்ணில் நட்ட மூன்று இரும்புக் குழாய்களில் அதிர்வேட்டு வெடிக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் ராஜாக்கோட்டை, ராணிக்கோட்டை, சந்திரகிரி என்று மூன்று மலைகளும் அடுத்தடுத்துச் சத்தத்தைத் திருப்பித் தர வேண்டும். மூன்று வேட்டுக்கு ஒன்பது பதில். கூட்டம் விரல் விட்டு எண்ணும். மருந்து நமுத்துப் போயிருந்தால் குழாய் 'புஸ்' என்று புகை விடும், மலை வாய் திறக்காது. "மலை பேசிடுச்சா?" என்பதுதான் திருவிழாவுக்கு வர முடியாதவர்கள் மறுநாள் கேட்கிற முதல் கேள்வி.

கொம்பு கொள்ளுகிற மருந்து சரியாக மூன்று குழாய்க்கு ஆகும். இரும்புக் குழாயில் உரசினாலும் கொம்பு பொறி கிளப்பாது. மேலே இறுகிய தோல், கீழே விழுந்தாலும் உடைய விடாது. தைமாதப் பனி உள்ளே இறங்காது. கோயிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கொம்பு யார் வீட்டில் தொங்குகிறதோ, வேட்டு அவர் கையில். நான்கு தலைமுறையாக அது கீழத் தெருவில், தேவசகாயத்தின் குடும்பத்தில் தொங்கியது. அந்தத் தெருக்காரர்களுக்குக் கோயிலுக்குள் உட்கார இடப்பக்கம் மட்டும். தேர் வடத்தில் கடைசி இடம். வேட்டு ஒன்றுதான் அவர்கள் கை படாமல் நடக்காத காரியம்.

யுத்தம் வந்தது. மருந்தும் கிடைக்கவில்லை, அனுமதியும் கிடைக்கவில்லை. ஆறு திருவிழாக்கள் சத்தமில்லாமல் போயின. 1943இல் காய்ச்சலில் தேவசகாயமும் போய்விட்டான். அவன் மனைவி ராயம்மாளுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. ஒரே மகளை அனந்தபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் மிச்சம் இருந்தவை சுண்ணாம்புத் தொட்டி, தோல் சீவும் கத்தி, குத்தூசி, பரணில் கொம்பு.

அவள் முடங்கிவிடவில்லை. தேவசகாயம் பறை செய்கிறவன், அடிக்கிறவன். ஆனால் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் சீவி, பதம் பார்த்தது எல்லாம் ராயம்மாள்தான். அவன் போன பிறகு பறைக்குத் தோல் கட்டும் வேலையையும் எடுத்துக்கொண்டாள். அதோடு கவலைச் சாலுக்கு வால் தைத்தாள். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற இரும்புச் சாலின் அடியில் தோலால் ஒரு நீளக் குழாய் இருக்கும், அதுதான் வால். தையல் ஒரு நூல் இளகினாலும் தண்ணீர் பாதிக் கிணற்றிலேயே கொட்டிப் போகும். ராயம்மாள் தைத்த வால் கொட்டாது. சிங்கவரத்திலிருந்து ஆட்கள் சைக்கிளில் தோலைச் சுருட்டி வைத்துக்கொண்டு அவளைத் தேடி வந்தார்கள்.

அன்று சாயந்திரமே திருவிழாக் கமிட்டி கூடியது. மேலத் தெருப் பாக்கியசாமி தலைவர். காணி, கிணறு, இரண்டு ஜோடி மாடு உள்ளவர். தாலுக்கா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்து வேட்டுக்கு அனுமதி வாங்கியதும் அவர்தான். கொம்பைக் கொண்டு வரச் சொன்னார்கள். ராயம்மாள் முந்தானையால் மூடாமல், வெடிப்பு தெரியும்படியே எடுத்துப் போனாள். எப்படியும் தெரியப் போகிறது.

பாக்கியசாமி கொம்பைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா ராயம்மா, கொம்பு பல்லக் காட்டி சிரிக்குது?"

"எலி கடிச்சிடுச்சிங்க. புதுசா தோலு போட்டுடுவேன்."

"தேவசகாயம் இருந்தான், போட்டான். இப்ப யாரு போடறது?"

"அவரு அடிச்சாருங்க. தோலு பதம் பண்ணது எப்பவும் நாந்தான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பாக்கியசாமி சிரிக்கவில்லை. அவருக்கு அனுமதிக் காகிதத்தைப் பற்றிய கவலை. ஆறு வருஷம் கழித்துப் போடுகிற வேட்டு புகையோடு போனால் தாலுக்கா முழுக்க அவர் பேச்சுத்தான்.

"அவலூர்பேட்ட கலியபெருமாளுக்கு ஆள் அனுப்பிட்டேன். வேட்டு போடறதுல பேர் எடுத்தவரு. தகர டப்பாவுல மருந்தோட வந்துடுவாரு. எதுக்கு வம்பு?"

"கொம்பு எங்க வூட்ல தொங்குது. வேட்டு எங்க கையிலங்க. இது கோயில் வழக்கம்."

"கொம்பு முழுசா இருந்தாத்தான வழக்கம்?"

பின்னாலிருந்து ஒருவர், "பொம்பள போயி குழாய்க்குத் தீ வெக்கறதா? நல்லா இருக்குது" என்றார்.

ராயம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. பாக்கியசாமியையே பார்த்துச் சொன்னாள்: "உங்க கெணத்துல மூணு வருசமா ஓடற வாலு நான் தெச்சதுங்க. பொம்பள தெச்சதுன்னு நீங்க திருப்பிக் குடுக்கலியே."

இப்போது வேறு இரண்டு பேர் சிரித்தார்கள். பாக்கியசாமி தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கூட்டத்தின் முன்னால் தோற்கப் பிரியப்படாதவர். சற்று யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"சரி. பத்தொம்பதாந் தேதி சாயந்திரம் கொம்புல மருந்து ரொப்பி கொடிமரத்துல கட்டு. கலியபெருமாள் டப்பாவையும் பக்கத்துலயே கட்டிடலாம். ராத்திரி பூரா பனியில தொங்கட்டும். காலையில பூசை முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு தீ. யாரு மருந்து மொதத் தீயில புடிக்குதோ அவங்க கையில வேட்டு. இந்த வருசத்துக்கு மட்டும் இல்ல. இனிமேலும் அப்பிடித்தான்."

"இனிமேலும்" என்று சொன்னபோது இடப்பக்கம் நின்றிருந்த கீழத் தெரு ஆட்கள் ராயம்மாளைப் பார்த்தார்கள். அவள் கொம்பை வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்றாள்.

பதின்மூன்று நாள் இருந்தது. முதல் நான்கு நாளை அவள் பாழாக்கினாள்.

தப்பு எங்கே நடந்தது என்றால், அவளுக்கு நன்றாகத் தெரிந்த வேலையில். கொம்பை மூன்று தண்ணீர் விட்டு அலம்பி, பழைய மருந்தின் கரியெல்லாம் போக்கினாள். வாய்க்குப் பூவரசங் கட்டையில் புது அடைப்பு செதுக்கினாள். நல்ல கன்றுத்தோலாகப் பார்த்து ஊறவைத்து, ஈரத்தோடு கொம்பைச் சுற்றி இழுத்து, வாரால் முடிந்தாள். இதுவரை சரி. அதன் பிறகு, பறைத் தோலுக்குச் செய்து பழகினதையே செய்தாள். வைக்கோலைக் கொளுத்தி, கொம்பைத் தீயில் காட்டினாள்.

பறை என்றால் அதுதான் முறை. தீ பட்டால் தோல் விறைக்கும், நாதம் ஏறும். ராயம்மாள் கொம்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்தாள். 'டப்' என்றது. போதாது என்று இன்னும் கொஞ்சம் காட்டினாள். மறுபடி சுண்டினாள். ஒரு கொம்புக்குச் சுதி ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த நேரத்தில் அவள் புத்தியில் படவில்லை.

நல்ல தோல் முதலில் சுருங்கியது. பிறகு வெந்தது. பொரிந்த அப்பளம்போல மேடும் பள்ளமுமாக எழும்பி, தையல் ஓட்டைகள் எல்லாம் கிழிந்தன. உள்ளே கொம்பு சூட்டில் இளகி, தோலின் இறுக்கத்தில் நடுவில் பள்ளம் விழுந்தது. பூவரசங் கட்டை தானாகப் பிதுங்கிச் சாம்பலில் போய் விழுந்தது. ராயம்மாள் அதை எடுத்துச் சாம்பலைத் தட்டி ஓரமாக வைத்தாள்.

அன்று வியாழக்கிழமை, பத்தாம் தேதி. வெந்த தோலைச் சீவி எறிந்தாள். வேறு எருமைக் கொம்பு வாங்கலாம்தான். ஆனால் வழக்கம் வேறு கொம்பைப் பற்றியது இல்லை. நசுங்கின கொம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். அங்கே யாரிடமாவது சொல்லித் திட்டு வாங்கினால் மனசு கொஞ்சம் இறங்கும். அதற்குக் காத்தாயிதான் சரி.

காத்தாயி செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை வறுத்து விற்கிறவள். மற்ற ஊர்களில் வேர்க்கடலை என்பதைச் செஞ்சியில் மல்லாட்டை என்றால்தான் தெரியும். பெரிய இரும்புச் சட்டியில் மணல், மணலுக்குள் மல்லாட்டை, கீழே புளியங்கட்டை நெருப்பு. பொங்கல் சந்தை நேரம் என்பதால் சட்டியைச் சுற்றிக் கூட்டம். இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். ஒருத்தி கும்பிடுகிற கோயிலுக்கு மற்றவள் போகமாட்டாள், ஆனால் ஒருத்தி வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது மற்றவளுக்குத் தெரியும்.

காத்தாயி துணியைப் பிரித்துப் பார்த்தாள். "இன்னாடி இது, எரும தும்முன மாதிரி இருக்குது?"

"வெந்துடுச்சிக்கா."

"கொம்ப எவளாச்சும் வேவ வெப்பாளா? கொழம்பு வெக்கலாம்னு பாத்தியா?"

"தோலு விறைக்கணுமேன்னு தீயில காட்டினேன். பறைக்குக் காட்டற மாதிரி."

"அப்ப கழுத்துல மாட்டிக்கினு அடி. சாவு ஊடு ஏதாச்சும் இருந்தா கூப்புடுவாங்க."

மல்லாட்டைக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ராயம்மாளுக்கும் சிரிப்பு வந்தது, நான்கு நாளில் முதல் தடவையாக. "ஒம்போது நாள்தான்க்கா இருக்குது. வேட்டு போச்சின்னா எங்க தெருவுக்கே போச்சி."

"போனா போவட்டும், காது கொடையாம இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே காத்தாயி சட்டியைக் கிளறினாள். பிடி உளுத்துப் போயிருந்த மரக்கரண்டி அந்த நேரம் பார்த்து ஒடிந்தது. அடியில் மல்லாட்டை கருகுகிற வாசனை வந்தது. காத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். கைக்கு எட்டினது கொம்பு. எடுத்து மணலில் விட்டுத் துழாவத் தொடங்கினாள்.

"யக்கா, குடுக்கா அத!"

"இருடி, இது இனிமே எதுக்கு ஆவும்? உள்ள மருந்து கிருந்து இல்லியே? இருந்துச்சின்னா நானும் மல்லாட்டையும் சந்திரகிரி உச்சிக்குப் போயிடுவோம்."

"மூணு தண்ணி அலம்பிட்டேன். குடுன்றேன்."

காத்தாயி நாலு கிளறு கிளறி, மல்லாட்டையைக் காப்பாற்றிவிட்டுத்தான் கொடுத்தாள். ராயம்மாள் முந்தானையால் பிடித்து வாங்கினாள். வாங்கின வேகத்தில் அழுத்திவிட்டாள். கொம்பு அழுந்தியது. துணிக்குள்ளே அது பனங்குருத்து மாதிரி வளைந்துகொடுத்தது. அவள் கட்டை விரலுக்குக் கீழே வெடிப்பின் இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

அவள் விடவில்லை. பிடித்தபடியே நின்றாள். மல்லாட்டை வாங்க வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சூடு ஆறியதும் மெதுவாக விரலை எடுத்தாள். உதடுகள் பிரியவில்லை. ஒரு மயிரிழை மட்டும் இடைவெளி.

"யக்கா, இந்த மணலு எவ்ளோ நேரம் சூடா இருக்கும்?"

"நெருப்பு இருக்கிற வரைக்கும். இன்னாத்துக்குக் கேக்கற?"

"நாளைக்கு விடியறதுக்கு சட்டிய எனக்குக் குடு. ஒரு படி மணலு போதும்."

"மல்லாட்ட போட மாட்டியே?"

"கொம்பு போடறேன்."

காத்தாயி நெற்றியில் கை வைத்தாள். ஆனால் மறுநாள் விடியற்காலை அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அவளே காத்திருந்தாள்.

ராயம்மாள் செய்த வேலை இதுதான். சூட்டு மணலைக் கொம்புக்குள் நிரப்பினாள். வெளியேயும் மணலில் புதைத்தாள். கொம்பு இளகினதும் எடுத்து, முனை மழுங்கின ஒரு வேப்பங்கழியை உள்ளே விட்டு, பள்ளத்தை உள்ளிருந்தே தள்ளினாள். பள்ளம் எழும்பி வந்தது. அடைப்புக் கட்டையை வாயில் பொருத்தி, வெடிப்பை விரலால் கூட்டி, வெளியே ஈரக்கயிற்றை நெருக்கமாகச் சுற்றினாள். உள்ளே மணல் இருக்கும்போது கொம்பு இனிமேல் நசுங்க முடியாது. அது ஆறும் வரைக்கும் காத்தாயி பேசிக்கொண்டே இருந்தாள், ராயம்மாள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

கயிற்றைப் பிரித்தபோது வெடிப்பு மூடியிருந்தது. ஆனால் ஒட்டிக்கொள்ளவில்லை. அதைப் பிடித்து வைக்கத் தோல் வேண்டும்.

இந்தத் தடவை பறையை மறந்தாள். கவலை வாலை நினைத்துக்கொண்டாள். வால் காலம் முழுக்கத் தண்ணீரோடு இருப்பது, அதற்கு யாரும் தீ காட்டுவது இல்லை. வாலுக்குத் தைக்கிற இரட்டைத் தையலில், ஒரு ஓட்டையில் இரண்டு ஊசி எதிரும் புதிருமாகப் போகும்படி, ஊறின தோலைக் கொம்பின் மேல் தைத்தாள். தையல் வெடிப்புக்கு நேர் எதிர்ப் பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டாள். வெடிப்பின்மேல் முழுத் தோல் படிய வேண்டும். மணல் உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, நிழலில், காற்று வருகிற பக்கம் கட்டித் தொங்கவிட்டாள்.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பொங்கல் வந்தது, மாட்டுப் பொங்கல் வந்தது. மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "காஞ்சிடுச்சா?" என்றார்கள். வெயிலில் வைத்தால் ஒரே நாளில் காயுமே என்று ஒருவர், அடுப்புப் பக்கம் வைத்தால் என்ன என்று ஒருவர். ராயம்மாள் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள்: "ஒருவாட்டி வெந்தது போதும்." பொழுது சாய்ந்ததும், எலிக்குப் பயந்து, கொம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

ஐந்தாம் நாள் தோல் இறுகியது. மெல்ல மெல்ல, தானாக, ஒரு சுருக்கம் இல்லாமல் இறுகியது. கொம்பும் தோலும் ஒரே உடம்பு போல இருந்தன. மணலைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி, அடைப்பைப் போட்டு, ஒரு செபமாலை முழுக்கச் சொல்லி முடிக்கிற நேரம் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒரு சொட்டுக் கசியவில்லை. காத்தாயியின் காய்ந்த மணல் இன்னொரு கைப்பிடி வாங்கி வந்து போட்டு, உள்ளே உலர்த்தினாள். விரலால் சுண்டிப் பார்ப்பதை மட்டும் செய்யவில்லை.

மிச்சம் இருந்தது மெழுகு. தோலுக்கு மேலே பனி இறங்காமல் இருக்க மெழுகு தேய்க்க வேண்டும். அடைப்புக் கட்டையைச் சுற்றியும் மெழுக வேண்டும். யுத்தம் முடிந்தும் கடையில் மெழுகு கிடைக்கவில்லை. கோயில்பிள்ளையிடம் போய்ப் பீடத்தில் எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டாள். கோயில் மணி அடிப்பதும் பீடம் துடைப்பதும் அவர் வேலை. மேலத் தெருக்காரர். பெட்டியைத் திறந்து பார்த்தார், வெளியே பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"கமிட்டியில கேட்டாங்கன்னா?"

"செபஸ்தியாருக்கு ஏத்துன மெழுகு. செபஸ்தியாரு வேட்டுக்குத்தான் போவுது."

கோயில்பிள்ளை ஒரு குத்துத் துண்டுகளை அள்ளிக் கொடுத்தார். "ஒம்போதும் கேக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பத்தொன்பதாம் தேதி சாயந்திரம் கலியபெருமாள் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது, இடது கையில் இரண்டு விரல் இல்லை. வேட்டுக்காரர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அவரிடம் புத்தம் புதுத் தகர டப்பா, மூட்டுக்கெல்லாம் ஈயம் பற்றவைத்து, இறுக்கமான மூடியோடு. பாக்கியசாமி கண்ணெதிரில் ஒரே மூட்டையிலிருந்து இரண்டிலும் மருந்து போட்டார்கள். இரண்டையும் கொடிமரத்தில் ஒரே உயரத்தில் கட்டினார்கள். கட்டி முடித்ததும் கலியபெருமாள் கொம்புக்குக் கீழே நின்று தலையை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"யம்மா, தையல் எங்க?"

"பின்னால இருக்குதுண்ணே."

"யாரு தெச்சது?"

"நாந்தான்."

கலியபெருமாள் வெற்றிலைப் பையைத் திறந்தார்.

மறுநாள் விடிந்தபோது மலை தெரியவில்லை. பனி அப்படி. கொடிமரத்துக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆனால் கூட்டத்தைப் பனி தடுக்கவில்லை. அவலூர்பேட்டை, அனந்தபுரம், சிங்கவரம் பக்கங்களிலிருந்து மாட்டு வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. மைதானம் நிரம்பி, மதிலோரத்துப் பாறைகள் நிரம்பி, புளிய மரக் கிளைகள் நிரம்பின. நாலாயிரம் பேர் என்று போலீஸ்காரர் ஒருவர் கணக்குச் சொன்னார், ஐயாயிரம் என்றார் மற்றவர். பாட்டுப் பூசை முடிவதற்குள் வெயில் ஏறி, முதலில் ராஜாக்கோட்டையின் உச்சி, பிறகு ராணிக்கோட்டை, கடைசியாகச் சந்திரகிரி வெளியே வந்தன.

முதல் தீ விருந்தாளிக்கு. கலியபெருமாள் டப்பாவை அவிழ்த்தார். வெளியே ஈரம், துடைத்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், முகம் மாறவில்லை. ஆனால் டப்பாவைச் சாய்த்தபோது மருந்து சரசரவென்று விழாமல் கட்டி கட்டியாக விழுந்தது. இராக்குளிரில் தகரம் உள்ளேயே வேர்த்திருந்தது. அவர் வேலையில் குறை இல்லை. குழாயில் இட்டு, செங்கல் தூள் போட்டு இடித்து, குழாயின் அடியிலுள்ள காதுத் துளையில் மருந்து வைத்து, நீண்ட மூங்கில் நுனியில் கட்டின தீக்கயிற்றை நீட்டினார். நாலாயிரம் பேர் காதைப் பொத்தினார்கள்.

புஸ் என்றது. வெள்ளையாக ஒரு முழம் புகை எழுந்து, யோசித்து, சாய்ந்தது.

காதிலிருந்து கைகள் இறங்கின. பாக்கியசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கலியபெருமாள் மூங்கிலைத் தரையில் ஊன்றிவிட்டு, ராயம்மாள் நின்ற பக்கம் திரும்பிச் சொன்னார்: "நீ வாம்மா."

குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்கிற வரைக்கும் ராயம்மாள் கொம்பைத் தொடவில்லை. பிறகு அவிழ்த்தாள். மெழுகின்மேல் பனி முத்து முத்தாக நின்றது. முந்தானையால் ஒரு தடவை வழித்தாள். அடைப்பை எடுத்துச் சாய்த்தாள். மருந்து கேழ்வரகு போலத் தனித்தனியாக ஓடியது. முதல் குழாய், இரண்டாம் குழாய், மூன்றாம் குழாய். மூன்றாவதின் வாய் விளிம்பில் கடைசி மணி விழுந்தபோது கொம்பு காலி. ஒரு சிட்டிகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பள்ளம் முழுசாக எழும்பியிருந்தது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி?

செங்கல் தூளைப் போட்டு மூன்று குழாய்களையும் இடித்தாள். மூங்கிலைத் தூக்கினாள்.

முதல் வேட்டு வெடித்தபோது புளிய மரத்திலிருந்த காக்கையெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. தரை காலுக்குக் கீழே உதைத்தது. சத்தம் போய் ராஜாக்கோட்டைச் சுவரில் மோதித் திரும்பியது. "ஒண்ணு" என்றது கூட்டம். ராணிக்கோட்டை. "ரெண்டு." பிறகு கொஞ்சம் தாமதமாக, கனமாக, சந்திரகிரி. "மூணு." ஆறு வருஷமாக அந்த மலைகள் இதற்காகவே வாயை மூடிக்கொண்டு இருந்ததுபோலத் தோன்றியது.

இரண்டாவது குழாய்க்குக் கூட்டம் காதைப் பொத்தவில்லை. நாலு, அஞ்சு, ஆறு. மூன்றாவதற்கு அவள் தீயை நீட்டும் முன்பே கீழத் தெரு ஆட்கள் எண்ணத் தயாராக விரலை மடக்கியிருந்தார்கள். ஏழு. எட்டு. சந்திரகிரி இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தாமதித்தது, ஐயாயிரம் பேரும் மூச்சை அடக்கினார்கள், பிறகு வந்தது. "ஒம்போது" என்று கேட்டது சத்தமா கூட்டமா என்று பிரிக்க முடியவில்லை. பறைகள் அதிர்ந்தன. அந்தப் பறைகளின் தோலும் அவள் கட்டியது. வடம் இறுகியது, தேர் நகர்ந்தது.

எங்கிருந்தோ காத்தாயி கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்தாள். ஒரு காதில் இன்னும் விரல். "என் காது போச்சிடி" என்று கத்திவிட்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "என் மணலுங்க அது. மல்லாட்ட வறுத்த மணலு" என்று விளக்கம் சொல்லத் தொடங்கினாள்.

கலியபெருமாள் கொம்பைக் கையில் வாங்கி, தையலைத் தடவிப் பார்த்தார். "யம்மா, எங்கிட்டயும் அப்பன் காலத்துக் கொம்பு ஒண்ணு கெடக்குது. தோலு போயிடுச்சின்னுதான் டப்பாவுக்குப் போனேன். போட்டுத் தருவியா?"

"பனி போவட்டும்ண்ணே. சித்திரையில கொண்டாங்க. பொறுமையா காயணும்."

வழக்கப்படி தேரிலிருந்து ஒரு மாலை வேட்டுக்காரருக்கு வரும். அதைக் கமிட்டித் தலைவர்தான் கொடுக்க வேண்டும். பாக்கியசாமி மாலையோடு மைதானத்தின் கோடி வரைக்கும் நடந்து வந்தார். முகத்தில் தோல்வி ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது பதில் அவருடைய அனுமதிக் காகிதத்துக்கும் கிடைத்த பதில்தான்.

"நல்லா கேட்டுச்சி ராயம்மா" என்றார். ஊரில் எவரும் அவர் வாயிலிருந்து இதைவிட நீளமான பாராட்டைக் கேட்டதில்லை. மாலையைக் கொடுத்தார். பிறகு கொம்பைப் பார்த்தார். "இத்தனப் பாடுபட்டு சரி பண்ணியிருக்கற. மறுபடியும் பரண்ல போட்டு எலி கடிக்கணுமா? கோயில்லயே மாட்டிடலாம். சாமியாரு அறையில நல்ல ஆணி இருக்குது."

கீழத் தெருவில் சிலர் முகம் மலர்ந்தது. தங்கள் கொம்பு கோயிலுக்குள்ளே தொங்கப் போகிறது. ராயம்மாள் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கொம்பு யார் வீட்டில் தொங்குகிறதோ வேட்டு அவர் கையில். அதை அவள் மறக்கவில்லை.

"இல்லீங்க. எங்க வூட்லயே இருக்கட்டும்" என்றாள். "நேத்து சந்தையில பூன ஒண்ணு வாங்கிட்டேன்."